போஸ் படைக்காரர் வீடு

தில்லியில் படிக்கும் தமிழ் மாணவருக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விடுதிச் சாப்பாட்டில் நாக்குச் செத்துப்போன நம்மவர் ஒவ்வொருவரும், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது விசுவவித்யாலயா நிலையத்தில் மெட்ரோ ஏறி, வண்டி மாறாமலே அங்கே போய் இறங்கியிருப்போம். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, வாழைப்பூ, அப்பளம், வஞ்சிரம், நண்டு என்று நம் ஊர்ச் சந்தையில் உள்ளதெல்லாம் அங்கே உண்டு. கடைக்காரர் பஞ்சாபியாகவோ பீகாரியாகவோ இருப்பார். ஆயினும் நம் முகத்தைக் கண்டதும், "வாங்க அண்ணா, முருங்கைக்கா வேணுமா?" என்று நம் மொழியிலேயே அழைப்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே ஒரு கட்டு அதிகமாக வாங்கி வந்தவர்களை நான் அறிவேன். நானும் அவர்களுள் ஒருவன்.

ஆனால் நண்பர்களே, ஒன்று கேட்கிறேன். அந்த மூன்று எழுத்துக்கும் விரிவு என்ன என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? என் அறைத் தோழன் ஒருவனிடம் கேட்டேன். அருகில் சப்தர்ஜங் விமான நிலையம் இருப்பதால், "இண்டியன் நேஷனல் ஏர்போர்ட்" என்று தயங்காமல் விடை சொன்னான்! அவனை நகைத்துப் பயனில்லை. காய்கறி வாங்கப் போகிறவன் சரித்திரமா வாங்குகிறான்?

அவை இந்திய தேசிய இராணுவத்தின் எழுத்துக்கள். நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தலைமை தாங்கிய படை அது. மார்க்கெட்டை ஒட்டி லட்சுமிபாய் நகர். சற்று அப்பால் நேதாஜி நகர். அந்தப் படையில் பெண்களுக்கென்று இருந்த பிரிவுக்கும் ஜான்சி ராணி லட்சுமிபாயின் பெயர்தான். ஆக, நாம் கறிவேப்பிலை பொறுக்கும் அந்த வட்டாரம் முழுவதும் ஒரு போரின் பெயர்களைத் தாங்கி நிற்கிறது.

இதை நான் எழுத முற்பட்டது சரித்திரம் கற்பிப்பதற்காக அன்று. அந்த மூன்று எழுத்தின்மேல் என் குடும்பம் ஒரு வீட்டையே கட்டியிருந்தது. 2022 டிசம்பரில் அந்த வீட்டின் அடிக்கல்லை நாங்கள் தோண்டிப் பார்க்க நேர்ந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே எங்கள் வீட்டுக்குப் 'போஸ் படைக்காரர் வீடு' என்று பெயர். படைக்காரர் என்பவர் என் அப்பத்தாவின் தந்தை. மலேயாவில் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். ஜப்பானியர் மலேயாவைப் பிடித்த பிறகு, நேதாஜியின் படையில் சேர்ந்து பர்மாப் பக்கம் போனார்; திரும்பவில்லை. அப்பத்தா 1942-இல் அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். போர் முடிந்தபின் அவருடைய தாய், கையில் குழந்தையுடன் கப்பலேறி நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார். அவரிடம் கணவருடைய படமோ கடிதமோ எதுவும் இல்லை. ஒரு கதை மட்டும் இருந்தது.

அந்தக் கதையை வைத்து நாங்கள் வாழ்ந்தோம் என்றே சொல்லலாம். என் தந்தையார் பள்ளிப் பருவத்தில் சுதந்திர தின விழாவுக்குச் சுதந்திர தின விழா மேடையேறி, 'என் தாத்தா' என்று தொடங்கிப் பேசிப் பரிசு பெற்றவர். பிறகு மத்திய சர்க்கார் உத்தியோகம் கிடைத்துத் தில்லிக்கு வந்தார். குவார்ட்டர்ஸ் ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து நடக்கும் தொலைவில் கிடைத்தது. அதைத் தெய்வச் செயல் என்றே அவர் நம்பினார். அங்கே ஒரு மீன் கடைக்காரரிடம் அவர் தாத்தாவின் கதையைச் சொல்லிவைக்க, அவர் அப்பாவை எப்போதும் 'ஃபௌஜி சாப்' என்றே அழைப்பார். எங்களுக்கு எடையில் கொஞ்சம் கூடவே விழும்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுவதற்கு முன், தாத்தா போன வழியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாளைய ஆசை. "காரிலேயே போவோம். வழியில் உள்ளதையெல்லாம் பார்த்துக்கொண்டு போவோம்" என்றார். தில்லியிலிருந்து மணிப்பூர் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர்! அம்மா முதலில் சிரித்தாள். பிறகு புளியோதரைக்குப் புளி ஊற வைத்தாள். எண்பது வயது அப்பத்தாவை என்ன செய்வது என்பதே கேள்வி. "நீயும் வா ஆத்தா. உங்கய்யா போன இடத்தை நீ பார்க்காமல் யார் பார்ப்பது?" என்றார் அப்பா. அப்பத்தா வெகுநேரம் பேசவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "சரிப்பா, வாரேன்" என்றார். அந்தத் தயக்கத்தின் பொருள் அன்று எங்களுக்குப் புரியவில்லை.

புறப்படுவதற்கு முன்தினம் செங்கோட்டைக்குப் போனோம். 2019 ஜனவரி 23-இல் அங்கே நேதாஜிக்கும் அவருடைய படைக்கும் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். நேதாஜி அமர்ந்த மர நாற்காலியும், அவருடைய வாளும் அங்கே இருக்கின்றன. 1945 நவம்பர் 5-இல் ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர்மேலும் ராஜத் துரோக வழக்குத் தொடங்கியது அந்தக் கோட்டையில்தான். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். பூலாபாய் தேசாய் அவர்களுக்காக வாதாடினார். பல ஆண்டுகளாகத் தொடாத வழக்கறிஞர் அங்கியை நேரு எடுத்து மாட்டிக்கொண்டார். நாடே கொந்தளித்தது. ஆயுள் காலம் நாடு கடத்த வேண்டும் என்று தீர்ப்பாயிற்று; ஆயினும் 1946 ஜனவரித் தொடக்கத்தில் தளபதி ஆக்கின்லெக் அந்தத் தண்டனையைத் தள்ளிவிட, மூவரும் விடுதலையாயினர். அப்பா இதையெல்லாம் எனக்கும் தங்கைக்கும் நின்று நின்று விளக்கினார். அப்பத்தா ஒரு பெஞ்சில் அமர்ந்து, போகிற வருகிற பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் இரவு கான்பூரில் தங்கினோம். அதற்கும் காரணம் உண்டு. சென்னையில் 1914-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, சிங்கப்பூரில் வைத்தியம் செய்துகொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன்தான் ஜான்சி ராணிப் படையின் தலைவியான கேப்டன் லட்சுமி. செங்கோட்டை வழக்கில் நின்ற பிரேம் சாகலை 1947-இல் மணந்து, கான்பூரிலேயே குடியிருந்து, தொண்ணூறு வயதுக்கு மேலும் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். 2012-இல் காலமானபோது தம் உடலையும் அந்த ஊர் மருத்துவக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார். கல்லூரி வாசலில் அப்பா காரை நிறுத்தினார். அப்போது அப்பத்தா முதன்முறையாக வாய் திறந்தார்: "அந்தம்மா படையிலே எங்க லயத்துப் பொண்ணுகளும் போச்சுதுகன்னு எங்காத்தா சொல்லும்." ஆம், அந்தப் படையில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் மலேயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். துப்பாக்கி பிடிப்பதற்கு முன்பு அவர்கள் கை பிடித்தது பால் வெட்டும் கத்தி.

பிறகு கோரக்பூர், முசாபர்பூர், சிலிகுரி, குவாகாத்தி என்று வழி நீண்டது. பனிமூட்டத்தில் லாரிகளின் பின்னே ஊர்ந்தோம். புளியோதரை மூன்றாம் நாளோடு தீர்ந்தது. நாகாலாந்துக்கும் மணிப்பூருக்கும் உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். அதையும் முன்னதாகவே வாங்கி வைத்திருந்தோம்.

கோகிமாவில் போர்க் கல்லறைத் தோட்டம் மலைச் சரிவில் படிப்படியாக இருக்கிறது. 1944 ஏப்ரலில் ஜப்பானியரும் ஆங்கிலேயர் படையும் ஒரு டென்னிஸ் மைதானத்தின் இருபுறமும் நின்று வெட்டிக்கொண்ட இடம் அது. அந்த மைதானத்தின் வெள்ளைக் கோடுகளை இன்றும் அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே 1,420 கல்லறைகள். தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர் 917 பேரின் நினைவாகவும் ஒரு சின்னம் உண்டு. பெயர்களைப் படித்துக்கொண்டே வந்த தங்கை திடீரென்று, "அண்ணா, இது நம்ம ஊர்ப் பெயர்!" என்றாள். 'சாமி' என்று முடியும் பெயர். பிரிட்டிஷ் படையின் பக்கம் நின்று இறந்த தமிழன்! அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எதிரியின் பக்கத்திலும் நம்மவன் இருந்தான் என்பதைச் சுதந்திர தினச் சொற்பொழிவுகளில் யாரும் சொல்லித் தந்ததில்லை. அப்பத்தா மட்டும், "இவனுக்கும் ஊர்லே ஒருத்தி காத்துக்கிட்டுத்தானே இருந்திருப்பா" என்றார்.

மறுநாள் இம்பாலைக் கடந்து, தெற்கே 45 கிலோமீட்டரில் உள்ள மொய்ராங்கை அடைந்தோம். லோக்தக் ஏரிக்கரையில் அமைந்த ஊர். ஏரியில் புல்லும் செடியும் பின்னிய மிதக்கும் திட்டுகள் தீவுகளைப் போல நிற்கின்றன. 1944 ஏப்ரல் 14-ஆம் நாள், ஷௌக்கத் மாலிக் என்ற தளபதி இந்திய மண்ணில் இந்திய தேசிய இராணுவத்தின் கொடியை ஏற்றினார் என்று கொண்டாடப்படும் இடம் இதுதான். மூன்று மாதத்தில் மழையும் பசியும் நோயும் சேர்ந்து அந்தப் படையைப் பின்வாங்கச் செய்தன. 1945-இல் சிங்கப்பூரில் நேதாஜி எழுப்பிய நினைவுச் சின்னத்தை ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் இடித்துத் தள்ளினார்கள். அதைப் போன்றே ஒன்றை மொய்ராங்கில் கட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இராணுவ உடையில் நேதாஜியின் சிலை. உள்ளே படங்கள், ஆயுதங்கள், கடிதங்கள்.

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சுவரில் இருந்த ஒவ்வொரு படத்தையும், ஒவ்வொரு பெயரையும் தேடத் தொடங்கினார். தமிழ்ப் பெயர் ஒன்று கண்ணில் பட்டால் நின்றுவிடுவார். அரை மணி, முக்கால் மணி ஆயிற்று. அப்பத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு அவரிடம் போனார்.

"போதும்ப்பா. தேடாதே. எங்கய்யா பேரு இங்கே இருக்காது."

"ஏன் ஆத்தா?"

"அவர் படைக்குப் போகலே. சயாமுக்கு ரயில் ரோடு போட இழுத்துக்கிட்டுப் போனாங்க."

வெளியே வந்து ஏரியைப் பார்த்த ஒரு திண்ணையில் உட்கார்ந்தோம். அப்பத்தா சொல்லச் சொல்ல நாங்கள் கேட்டோம். 1943 தொடக்கத்தில் ஜப்பானியர் தோட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லியிருக்கிறார்கள். கங்காணி பெயர் வாசித்திருக்கிறார். லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போர் முடிந்தபின் அதே தோட்டத்துக்காரர் ஒருவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, "அண்ணன் மழைக்காலத்திலே வாந்திபேதியிலே போயிட்டாரு, ஒரே குழியிலே எல்லாரையும் போட்டுட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

"எங்காத்தாவுக்கு அப்போ இருபத்திரண்டு வயசு. கையிலே நான். ஊருக்குப் போனா, கூலியாப் போய்ச் செத்தவன் பொண்டாட்டின்னா யாரு மதிப்பா? கப்பல்லே கூட வந்த ஒருத்தியை, புருஷன் போஸ் படையிலே செத்தவன்னு எல்லாரும் எழுந்து இடம் கொடுத்து உட்கார வச்சாங்களாம். அதைப் பார்த்துட்டு எங்காத்தாவும் அப்படியே சொல்லிடுச்சு. சாகறப்போதான் எங்கிட்டே உண்மையைச் சொல்லுச்சு."

அப்போதுதான் எங்களுக்கு இன்னொன்றும் விளங்கிற்று. 1972-இல் சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கு மத்திய சர்க்கார் பென்ஷன் திட்டம் கொண்டுவந்தபோது, ஐ.என்.ஏ. வீரரின் குடும்பமும் கேட்கலாம் என்று ஊரார் எவ்வளவோ வற்புறுத்தினார்களாம். பூட்டி மனுவில் கைந்நாட்டு வைக்க மறுத்துவிட்டார். 'கணவன் உயிருக்கு விலை வாங்காத உத்தமி' என்று ஊர் அதையும் புகழ்ந்தது. அப்பத்தா சொன்ன காரணம் வேறு: "ஊருக்குச் சொன்ன பொய், எனக்கும் பிள்ளைக்கும் மானம் காத்த பொய். சர்க்காருக்குச் சொன்னா அது திருட்டுடின்னு சொல்லுச்சு."

அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இத்தனை வருஷம் என்னிடம் ஏன் சொல்லவில்லை ஆத்தா?" என்று கேட்டார்.

"நீ மேடையிலே பேசறப்போ உன் முகத்தைப் பார்த்தேன்ப்பா. அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல?"

அம்மா எழுந்து போய் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பத்தா சிலையைக் காட்டி, "வந்தது வந்துட்டோம். இந்தப் படையிலே செத்த பிள்ளைகளுக்கு ஒரு கும்பிடு போடுங்க. எங்கய்யாவுக்கும் சேர்த்தே போடுங்க. அவரைக் கும்பிட வேற இடம் ஏது?" என்றார். நாங்கள் ஐவரும் வரிசையாக நின்று கும்பிட்டோம்.

திரும்பி வந்த பிறகு நான் நூலகத்தில் தேடிப் படித்தேன். சயாம்–பர்மா ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதில் வேலை செய்த வெள்ளைப் போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர். இறந்தவர் 12,000-க்கு மேல். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு, திரைப்படமும் எடுத்தார்கள். தமிழர், பர்மியர், ஜாவானியர் முதலிய ஆசியத் தொழிலாளர் அவர்களைவிடப் பன்மடங்கு அதிகம். மாண்டவர் 90,000 பேர் இருக்கலாம் என்பது பலர் சொல்லும் கணக்கு. கணக்கிலேயே 'இருக்கலாம்' என்று வருகிறதே, அதுதான் அவர்களுக்குக் கிடைத்த மரியாதை. ரயில் வேலைக்குத் தப்பவே படையில் சேர்ந்தோர் பலர் என்றும் படித்தேன். ஒரே லயத்தில் ஒருவன் லாரியில் ஏறினான். அடுத்த வீட்டுக்காரன் துப்பாக்கி ஏந்தினான். இருவருக்கும் நடுவே இருந்தது ஒரு கங்காணியின் பட்டியல். படையில் சேர்ந்தவரின் தியாகம் இதனால் ஒரு குன்றிமணியும் குறையாது. ஆனால் கூலியாகச் செத்தவனின் மனைவி, அவனைப் போர்வீரன் என்று சொன்னால்தான் தலைநிமிர முடியும் என்ற நிலையை உண்டாக்கியவர்கள் யார்? ஜப்பானியர் அல்லர், நாம்தாம்.

ஊர் திரும்பிய முதல் ஞாயிறு அப்பாவுடன் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனேன். "ஃபௌஜி சாப், பயணம் எப்படி?" என்றார் மீன் கடைக்காரர். அப்பா கொஞ்சம் நின்றார். "என் தாத்தா ஃபௌஜி இல்லை பாய். ரயில் பாதை போட்ட கூலி. அங்கேயே செத்துப்போனார்" என்றார் இந்தியில். அறுபது வயதை நெருங்கும் மனிதர், ஆயுள் முழுதும் சொல்லிவந்த ஒன்றை மீன் நாற்றத்துக்கும் கூச்சலுக்கும் நடுவே திருத்திச் சொன்னார். எந்த மேடையிலும் அவர் அவ்வளவு நன்றாகப் பேசி நான் கேட்டதில்லை. கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "என் தாத்தா 1947-இல் லாகூரிலிருந்து ஓடிவந்து, இந்த ஊர் ஸ்டேஷனில் மூட்டை தூக்கினார் சாப்" என்றார். அன்றும் எடையில் கொஞ்சம் கூடவே விழுந்தது.

நாங்கள் போய்வந்த ஐந்து மாதத்துக்குள், 2023 மே 3-இல் மணிப்பூரில் கலவரம் மூண்டது. 2024 செப்டம்பர் 6-இல் மொய்ராங்கில் ஒரு ராக்கெட் குண்டு வந்து விழுந்து முதியவர் ஒருவர் இறந்தார் என்று செய்தி வந்தபோது, அந்த ஏரிக்கரைத் திண்ணை என் கண்முன் நின்றது. அதே 2024-இல் இன்னொரு செய்தியும் வந்தது. ரயில் பாதையில் மாண்ட தமிழர்களுக்காகக் காஞ்சனபுரியில் நடுகல் ஒன்று நாட்டினார்கள். அப்பா அதை அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினார்.

"பேரு எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார் அப்பத்தா.

"செத்தவர் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு கல் ஆத்தா."

"எல்லாருக்கும்னா அவருக்கும்தானே?" என்று சொல்லிவிட்டு, அப்பத்தா வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

ஊரில் இன்றும் எங்கள் வீடு போஸ் படைக்காரர் வீடுதான். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது, கேட்பவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடு என்று அப்பா என்னைப் பணித்திருக்கிறார். சொல்வேன். அதற்கு ஒத்திகையாகவே முதலில் உங்களிடம் சொன்னேன். நண்பர்களே, அடுத்த முறை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பேரம் பேசும்போது, அந்த மூன்று எழுத்தை ஒரு முறை விரித்துச் சொல்லிப் பாருங்கள். அந்தப் படையை நினையுங்கள். அந்தப் படையில்கூடச் சேர முடியாமற் போனவர்களையும் நினையுங்கள். உங்கள் வீட்டிலும் அப்பத்தா ஒருவர் இருந்தால், அவர் பேசாமல் இருக்கும் இடத்தில் சற்று நின்று கேளுங்கள்.